எல்லாப் பேட்டியும் ஒரே நீளம்

உங்களுக்குப் பயிற்சி முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏ.சி. அறை, மதியம் பிரியாணி, கடைசியில் எல்லோரும் நின்று ஒரு போட்டோ. கேள்வி எப்படிக் கேட்பது, டேப்லெட்டில் எப்படி ஏற்றுவது, ஒப்புதல் எப்படி வாங்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பயப்படுவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

உங்களுக்காக நீங்கள் படும் பயத்தைச் சொல்லவில்லை. மில் வாசலில் காவலாளி முறைத்தால் உங்களுக்கு என்ன ஆகிவிடும்? வண்டியேறித் திரும்பி வந்துவிடுவீர்கள். எதிரே உட்கார்ந்து பதில் சொன்ன பெண் அங்கேயே இருப்பாள். நீங்கள் கேட்டைத் தாண்டிய பிறகு அவளுக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பயப்படாதவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். வங்கித் தேர்வு எழுதப் போங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வேலைக்குக் கூட்டி வரப்படுகிறவர்கள் எந்த இடத்தில் ஆள்கடத்தலில் போய் விழுகிறார்கள் என்பதுதான் நம் ஆய்வு. கடத்தல் என்றதும் சாக்குமூட்டை, மயக்க மருந்து என்று நினைக்காதீர்கள். நான் பார்த்தவரை யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. தெரிந்த ஆள் வருவான். வண்டியில் ஏறு என்பான். அவள் ஏறுவாள். எங்கே என்று கேட்க மாட்டாள். கேட்டாலும் அவன் சொல்ல மாட்டான். அவ்வளவுதான் கடத்தல். பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அது ஏதோ ஊருக்குப் போகிற மாதிரிதான் தெரியும்.

ஓய்வு பெறும்வரை கல்லூரியில் சமூகப்பணித் துறையில் இருந்தேன். களப்பணி முழுக்க என் பொறுப்பு. என்னிடம் வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். முக்கியமாக மாற்று ஆள் விஷயத்தில். பேட்டிக்கென்று குலுக்கலில் வந்த ஆள் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரை உட்கார வைத்துக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆள்தானே என்பார்கள். ஒரு மாணவனை இதற்காகவே சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் வண்டியை விட்டு இறக்கிவிட்டேன்.

"ஒரே ஒரு ஆளுதான மேடம்?" என்றான்.

"ஒரே ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விழுந்த சாம்பார ஊத்தித் தாரேன், சாப்பிடுதியா?"

அந்தத் தாளில் அவனைத் தேற விடவில்லை. மறுபடி எழுத வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மில்லுக்கு வருவோம். ராஜபாளையத்தைத் தாண்டி தெற்கே போகிற சாலையை ஒட்டிய ஒரு நூற்பாலை. பெயர் சொல்ல மாட்டேன். பெண்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன், துப்பறிய வேண்டாம். உள்ளேயே விடுதி. ஒடிசாப் பெண்கள் நிறையப் பேர். மில்காரர்கள் நமக்கு அனுமதி கொடுத்தது நம் மேல் உள்ள அன்பால் இல்லை. நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்கள் எப்படி வந்தார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று வெளியாள் எழுதிய அறிக்கை கேட்டது. அதனால் கதவு திறந்தது.

அங்கே எச்.ஆர். அதிகாரியாக உட்கார்ந்திருந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? சேத்தூர் பஸ் நிறுத்தத்தில் நான் இறக்கிவிட்ட அதே பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். காபி வரவழைத்தான். கெட்டவன் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். இவன் மேலே சொல்வதைக் கீழே சொல்கிறவன். அப்படிப்பட்டவர்களால்தான் பாதிக் கெடுதல் நடக்கிறது.

விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் எண் போட்டு, குலுக்கி, முதல் நாளைக்கு ஆறு எண்களைக் கூப்பிட்டோம். பேட்டிக்கு ஒரு தனி அறை வாங்கியிருந்தேன். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டி, உள்ளே பேசுவது ஒரு சொல்கூட வெளியே போகாதபடி ஏற்பாடு. வெளியே நாற்காலி போட்டு விடுதி வார்டன் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், முறத்தில் கீரை. காதை எவ்வளவு தீட்டினாலும் அவருக்கு எதுவும் கேட்காது. அதில் எங்களுக்கெல்லாம் பெருமை.

ஒரு பேட்டி அரைமணி நேரம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நானும் சுமித்ராவும் மாறி மாறி எடுத்தோம். சுமித்ரா புதிதாகச் சேர்ந்தவள். ஒடிசாக்காரி. இதே மாதிரி ஒரு மில்லுக்கு வேலைக்கு வந்து, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். அவள் பேசுவதைக் கேட்டால் ஒடிசா என்று நம்ப மாட்டீர்கள். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவாள்.

மதியத்துக்கு மேல் ரஸ்மி என்ற பெண் சுமித்ராவிடம் வந்தாள். கதவு சாத்தியது. அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, கதவு திறக்கவில்லை. வார்டன் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, ஆய்ந்த கீரையையே மறுபடி கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், உள்ள சம்பந்தம் பேசுதாகளா? தட்டு மாத்திட்டுத்தான் வருவாக போலுக்கு" என்றார் என்னிடம்.

நானும் சிரித்தேன். கதவு திறந்து ரஸ்மி வெளியே வந்தாள். அழுத கண். வார்டன் அந்தக் கண்ணைப் பார்த்தார். முறத்தை எடுத்துக்கொண்டு அலுவலகப் பக்கம் போனார்.

திரும்பும்போது வேனில் சுமித்ரா ஏதோ ஒடியாப் பாட்டை முனகிக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி, அம்புட்டு நேரம் அந்தப் பிள்ளகிட்ட என்ன பேசுன?"

"ஊஞ்சல் பத்திக்கா."

"என்னது?"

"எங்க ஊர்ல மழை தொடங்குறப்ப ஒரு பண்டிக வரும். பொம்பளப் பிள்ளைக ஒரு வேலையும் செய்யக் கூடாது. அருவாமணையத் தொடக் கூடாது. வெறுங்கால மண்ணுல வைக்கக் கூடாது. ஊஞ்சல் ஆடணும், பாடணும், பலகாரம் திங்கணும், அம்புட்டுத்தான். அவ ஊரு எங்க ஊருக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம்கா! அவ பாடுற பாட்டுல ரெண்டு வரி எனக்குத் தெரியாது, நான் பாடுறதுல ரெண்டு வரி அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் அழுதுட்டோம்."

"கேள்வியெல்லாம் கேட்டியா இல்லியா?"

"அதெல்லாம் கடைசில படபடன்னு கேட்டு முடிச்சிட்டேன். ஒரு கஷ்டமும் இல்லன்னு சொல்லிட்டா."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அன்று காலையில் நான் எடுத்த ஒரு பேட்டி ஞாபகத்துக்கு வந்தது. வேறொரு பெண். இங்கே புகார் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "வாய் நீளமா இருந்தா, கூட்டிட்டு வந்த ஏஜென்ட்கிட்டத் திருப்பிக் குடுத்துருவாங்க. அவரு வேற கம்பெனில விடுவாரு." எந்தக் கம்பெனி என்றேன். "தெரியாது. போனவங்க போன எடுக்க மாட்டாங்க" என்றாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வார்டனுக்குப் பேச்சுக் கேட்காது, சரி. நேரம் தெரியுமே. மற்றவர்களெல்லாம் அரைமணியில் வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்து அழுத கண்ணோடு வருகிறாள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உள்ளே ஓடியது ஊஞ்சல் என்று யாருக்குத் தெரியும்? நாம் கதவை அவ்வளவு நன்றாகச் சாத்தியிருந்தோம்.

ராஜபாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது என் போன் அடித்தது. எச்.ஆர். தம்பி.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நாளைக்கு நீங்க வாரப்ப அந்த ரஸ்மிங்கிற பிள்ள இருக்காது. வீட்ல யாருக்கோ முடியலயாம். ஏஜென்ட் கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போறாரு."

"அத எதுக்கு எங்கிட்டச் சொல்லுத?"

அவன் குரலை இறக்கிக்கொண்டான்.

"இல்ல... நீங்க ரொம்ப நேரம் பேசுனீகளாம்ல. பொறவு தேடுவீகளேன்னுதான்."

போனை வைத்தேன். டிரைவரிடம் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.  சுமித்ராவிடம் சொன்னேன். அவள் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு வராது.

"போலீசுக்குப் போவோம்கா. இப்பவே போவோம்."

"போனா என்ன நடக்கும் சொல்லு."

"விசாரிப்பாங்க."

"யார விசாரிப்பாக? மில்லுக்குப் போவாக. ரஸ்மியக் கூப்பிடுவாக. வார்டன் பக்கத்துல நிப்பாக. உனக்கு என்னம்மா பிரச்சனைன்னு கேப்பாக. ஒண்ணும் இல்ல சார்ம்பா. அவ அறியாப் பிள்ள இல்ல, பதினெட்டு முடிஞ்சவ. புகார் குடுத்தவளும் இல்ல. எழுதி வாங்கிட்டுப் போயிருவாக. பொறவு?"

இது நானாகக் கற்பனை செய்து சொன்னதில்லை. வேறொரு இடத்தில் கண்ணால் பார்த்தது. பொறவு என்ன ஆனது என்பதையும் பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆய்வின் தலைமைப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். பெரிய ஊரில் இருக்கிறவர். பொறுமையாகக் கேட்டார். "மிகவும் கவலைக்குரிய விஷயம். நெறிமுறைக் குழுவைக் கூட்டிவிடுவோம்" என்றார்.

"எப்ப சார்?"

"அடுத்த வாரம் முயற்சி பண்ணலாம்."

"கார் நாளைக்கு வருது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சுமித்ரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "நேராப் போயி ரஸ்மியக் குடுங்கன்னு கேப்போம்கா." கேட்கலாம். பெயரைச் சொல்லிக் கேட்ட நிமிடமே அவர்கள் சந்தேகம் உறுதியாகிவிடும். ஆமாம், இவள்தான் சொன்னாள் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பதறுகிறபோது முதலில் வாயில் வருகிற யோசனை பெரும்பாலும் எதிரே இருப்பவளைக் கொல்லும். உங்கள் மனசு ஆறும், அவ்வளவுதான்.

அவள் செய்த குற்றம் என்ன என்று யோசித்தேன். அவள் எதையும் சொல்லவில்லை. அவள் பேட்டி நீளமாக இருந்தது, அதுதான் குற்றம். அப்படியானால் மற்ற எல்லாப் பேட்டியையும் நீளமாக்கினால் அவள் குற்றம் காணாமல் போகும்.

எச்.ஆர். தம்பிக்குப் போன் போட்டேன். கோபம் நிஜமாகவே இருந்தது, அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, இன்னிக்கு எடுத்த பேட்டி அம்புட்டும் வீணாப் போச்சு. எங்க ஆளுக அரைமணில அரைகுறையா முடிச்சிட்டு வந்துருக்காக. ஒழுங்கா எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் கடைசிப் பிள்ள. அதயும் சரிபார்க்கணும். நாளைக்குக் காலைல எல்லாத்தையும் மறுபடி எடுக்கப் போறேன். அதே ஆளுக. ஒரு ஆளு குறையக் கூடாது."

"மேடம், அந்தப் பிள்ளதான் ஊருக்கு..."

"ஒரு ஆளு குறைஞ்சா அறிக்கை கிடையாது. நூல் வாங்குறவன் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ. எங்கிட்டப் படிச்சவந்தான நீ? மாற்று ஆளு கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்" என்றான். நன்றாகத் தெரிந்த குரல்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.  காரை விடியுமுன்பே வரச் சொல்லிவிட்டால்? ரஸ்மியை இப்போதே ஏற்றியிருந்தால்? இந்த யோசனை வராத நாளில் நீங்கள் இந்த வேலையில் இருக்கக் கூடாது.

காலையில் போய் இறங்கினோம். கேட்டுக்கு உள்ளே வெள்ளைக் கார். பக்கத்தில் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள் ரஸ்மி. இருந்தாள். 

வண்டியிலேயே சுமித்ராவிடம் சொல்லியிருந்தேன். "அவளப் பாக்காத. சிரிக்காத. அவகிட்ட ஒடியால ஒரு வார்த்த பேசாத."

"அவ என்ன நினைப்பாக்கா? நேத்து அழுதவ இன்னிக்குக் கண்டுக்காமப் போறாளேன்னு..."

"நினைச்சிட்டுப் போகட்டும்."

சுமித்ரா அவளைக் கடந்து நடந்தாள். ரஸ்மி நிமிர்ந்து பார்த்தாள். சுமித்ரா பார்க்கவில்லை. உங்களில் எத்தனை பேரால் அது முடியும் என்று யோசியுங்கள். உதவி செய்வது எல்லோருக்கும் வரும். இது வராது.

முதல் பெண்ணைக் கூப்பிட்டோம். கேள்விகள் நேற்றே முடிந்துவிட்டன. ஒன்றரை மணி நேரம் என்ன பேசுவது? என்ன வேண்டுமானாலும் பேசினோம். உங்கள் ஊரில் மீன் குழம்பு எப்படி வைப்பீர்கள், கல்யாணத்தில் மாப்பிள்ளையை எப்படிக் கேலி செய்வீர்கள், இந்த வார்டனைப் போல நடித்துக் காட்டு. உள்ளே சிரிப்புச் சத்தம். ஒவ்வொருத்தியும் நேரம் கழித்து வெளியே வந்தாள். ஒருத்தி அழுதும் வந்தாள். மதியத்துக்குள் வார்டன் கீரை, வெண்டைக்காய், புளி எல்லாம் முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"டீச்சர், எல்லாப் பிள்ளைகட்டயும் இம்புட்டு நேரமா? எனக்கும் ஒரு பேட்டி எடுங்களேன். எங்க மாமியாளப் பத்தியே ரெண்டு நாளைக்குச் சொல்லுவேன்."

அந்தக் கொட்டாவிக்காகத்தான் காத்திருந்தேன்.

ஏஜென்ட் காரில் சாய்ந்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடிசாக்காரர்தான், ஆனால் வெள்ளைச் சட்டை, நல்ல தமிழ், இங்கே பல வருஷமாக ஆள் கொண்டுவருகிறவர். என்னைப் பார்த்து இரண்டு முறை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

கடைசியாக ரஸ்மி. அவளை நான்தான் பேட்டி எடுத்தேன். மில்லில் கற்ற தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது. உட்கார்ந்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"நீ ஏன் திரும்ப வந்த? நேத்து பேசுனேன். ராத்திரி பை கட்டுன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கும் பேசணுமா?"

"திட்டு. நல்லாத் திட்டு" என்றேன். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. ஊருக்குப் போகணுமா?"

"ஊருன்னா போறேன். கார் ஊருக்குப் போகல. நான் கேட்டேன், எந்த ரயில்னு. ரயில் இல்லன்னான்."

"யாரு கூடப் போவ?"

"அண்ணன் கூடன்னா போறேன். இவன் கூட வேணாம்."

அது போதும். அது அவள் வாயால் சொன்னது.  ஒன்றரை மணி நேரம் கதவு சாத்தியிருக்க வேண்டும், அதனால் உட்கார்ந்திருந்தோம். அவள் மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

வெளியே வந்து எச்.ஆர். தம்பியிடம் பொதுவாகச் சொன்னேன். "இந்தப் பேட்டி குடுத்த பிள்ளைக எல்லாரையும் மாசாமாசம் தொடர்ந்து பாக்கப் போறோம். இங்க இருந்தா இங்க பாப்போம். ஊருக்குப் போனா, வீட்டு ஆளு வந்து கூட்டிட்டுப் போகணும், கம்பெனி டிக்கெட் எடுக்கணும், போய்ச் சேந்தப்புறம் அந்தப் பிள்ள எங்ககிட்டப் போன்ல பேசணும். எல்லாருக்கும் இதே முறை."

ரஸ்மி பெயரை நான் சொல்லவில்லை. அவன் காரைப் பார்த்தான், பையைப் பார்த்தான். நூல் வாங்குகிறவன் கேட்பதையும் நினைத்திருப்பான். ஏஜென்ட்டிடம் போய்த் தணிந்த குரலில் பேசினான். ரஸ்மி பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குள் போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன்.

ஏஜென்ட் கோபப்படவில்லை. "இவ்வளவு தூரம் வண்டி எடுத்து வந்தாச்சு. சும்மா போறதா?" என்று சொல்லிவிட்டு வார்டனிடம் ஏதோ சொன்னார். செத்த நேரத்தில் மில் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. வேலையிலிருந்து அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் ஒரு துணிப்பை. குனி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் குலுக்கலில் வராதவள். நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"யாரு இது?" என்றேன்.

"என் அக்கா மக டீச்சர்" என்றார் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே. "நான் மாமா."

அதைக் கேட்டதும் அங்கே நின்ற அத்தனை பேர் முகமும் தளர்ந்துவிட்டது. காவலாளி கேட்டைத் திறக்கப் போனார். நம் ஊரில் தாய்மாமன் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனால் எவன் கேள்வி கேட்பான்? குனி கார் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கதவு திறந்திருந்தது. அவள் ஏறவில்லை, ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த தந்திரம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவள் பேட்டி கொடுத்தவள் இல்லை. அவள் பெயரைச் சொல்ல எனக்கு ஓர் உரிமையும் இல்லை. கார் கிளம்ப இன்னும் ஒரு மூச்சு நேரம்.

"அந்தப் பிள்ள போக முடியாது" என்றேன். "அவளும் குலுக்கல்ல வந்தவ."

எச்.ஆர். தம்பி திரும்பினான். "குனி நம்பர் வரலியே மேடம்."

"நேத்து ஒரு பிள்ள லீவு. அதுக்கு மாற்று. காலைலதான் பேர் எடுத்தேன், இனிமேதான் பேட்டி."

அவன் என்னையே பார்த்தான். எத்தனையோ வருஷத்துக் கடுப்பு அந்தப் பார்வையில் இருந்தது.

"மாற்று ஆளா மேடம்? நீங்களா?" என்றான். "அதுலதான என்னய ஃபெயிலாக்குனீக."

"ஆமா. இப்ப நான் வச்சிருக்கேன்."

பொய் என்று அவனுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள், அவன் ஒருவனால் மட்டும் நம்பவே முடியாது. அவன் குனியைப் பார்த்தான். அவள் கை முறுக்கிக்கொண்டிருந்த பையைப் பார்த்தான். பிறகு ஏஜென்ட்டிடம் சொன்னான்.

"லிஸ்ட்ல இருக்கிற பிள்ள சார். விட முடியாது."

அவனைப் பற்றி மேலே எழுதியதை நான் அடித்துத் திருத்தவில்லை. இதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் கார் கதவைச் சாத்தினார். மெதுவாக என் பக்கம் வந்தார்.

"நாளைக்கும் வருவீங்களா டீச்சர்?"

மரியாதையாகத்தான் கேட்டார்.  அந்த மனிதருக்கு அவசரம் இல்லை. ஆய்வு என்றால் முடிகிற காரியம் என்று அவருக்குத் தெரியும்.

"வருவோம்" என்றேன்.

போனோம். ரஸ்மியை அவள் அண்ணன் வந்து ரயிலில் கூட்டிப் போனான். மழை தொடங்கியபோது சுமித்ராவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஊஞ்சல். ஆடுகிறவள் முகம் சரியாகத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. சுமித்ரா அதை இன்னும் அழிக்கவில்லை.

குனிக்கு அப்படி முடியவில்லை. அவளுக்கு அம்மா இல்லை. ஊர் என்றால் அந்த ஏஜென்ட் மாமா வீடுதான். அவள் தங்கை அந்த வீட்டில் இருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருக்கிற ஒரு பெண் வக்கீலிடம் பேசினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த நாளே மனு போடுகிறேன் என்றார். குனி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். போட்டால் தங்கை என்ன ஆவாள் என்று கேட்கிறாள்.  தங்கையை வெளியே கொண்டுவர அங்கே ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை மில்லுக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவளே சொல்கிறாள்.

அந்த மில்லில் ஆய்வு முடிந்துவிட்டது. அறிக்கை கொடுத்தாயிற்று. குலுக்கலில் வராத ஓர் ஆளை நான் சேர்த்ததைப் பேராசிரியரிடம் சொன்னேன். அந்தப் பதிவை எடுத்துவிட்டார், சரிதான். நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் மாதம் தவறாமல் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அந்த மில்லுக்குப் போகிறேன். தொடர் ஆய்வு என்று கேட்டில் சொல்கிறேன். "இன்னுமா முடியல ஒங்க ஆய்வு?" என்கிறார் வார்டன். பெரிய ஆய்வு என்கிறேன். நாலைந்து பெண்களைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். அதில் ஒருத்தி குனி. அந்த வெள்ளைக் கார் சில சமயம் நிற்கிறது. என்னைப் பார்த்தால் அவர் வணக்கம் சொல்கிறார்.

இப்போது என் முழங்காலுக்கு மதுரையில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகுமோ. அந்த எச்.ஆர். தம்பியும் வேறு மில்லுக்குப் போகிறான். அவன் இடத்துக்கு வருகிறவனுக்கு நான் யாரென்றே தெரியாது.

அதனால்தான் இதை எழுதினேன். இதைப் போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். திங்கட்கிழமை உங்களில் ஒருத்தி போக வேண்டும். சுமித்ரா கூட வருவாள். குனியை முதலில் கூப்பிடாதே, கடைசியிலும் கூப்பிடாதே, நடுவில் கூப்பிடு. எல்லோரிடமும் ஒரே நேரம் பேசு. யாராவது அழுதால் முகம் கழுவி அனுப்பு. கார் நின்றால் அதைப் பார்க்காதே.

அவர் உன் பக்கம் வந்து, நாளைக்கும் வருவீங்களா என்று கேட்பார். வருவோம் என்று சொல். சொல்லிவிட்டால் போகணும்.